ஆறு குடித்தனம், ஒரு மீட்டர்

எண்ணூர் அனல் மின் நிலையம் 1970-ல் ஓட ஆரம்பித்தது. 60 மெகாவாட்டில் இரண்டு, 110 மெகாவாட்டில் மூன்று என்று ஐந்து அலகுகள், மொத்தம் 450 மெகாவாட். நாற்பத்தேழு வருஷம் ஓடி 2017 மார்ச் 31 அன்று நின்றது. அதற்கு வடக்கே, கழிமுகத்தைத் தாண்டினால் வடசென்னை அனல் மின் நிலையம். 1990களின் நடுவில் 630 மெகாவாட்டோடு வந்தது, பிற்பாடு இன்னும் 1,200 சேர்ந்தது. பக்கத்திலேயே வல்லூர், 1,500 மெகாவாட். தெற்கே இறங்கினால் பேசின் பிரிட்ஜில் 120 மெகாவாட் எரிவாயு டர்பைன். கப்பலில் நிலக்கரி வந்து இறங்குவது இந்தப் பகுதியில்தான். சாம்பல் கரைந்து ஆற்றில் படிவதும் இங்கேதான். உயர் அழுத்தக் கோபுரங்கள் வீட்டுக் கூரைகளுக்கு மேலே போகின்றன.

இந்தப் புகைபோக்கிகளிலிருந்து ஒரு மணி நேரப் பஸ் தூரத்துக்குள் ராயபுரம், பழைய வண்ணாரப்பேட்டை, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர். அங்கே சந்துக்குள் நுழைந்து வீட்டு வாசல் மீட்டர் போர்டுகளைப் பார்த்துக்கொண்டே நடந்தால் ஒரு விஷயம் கண்ணில் படும். சில வாசல்களில் வரிசையாக எட்டு மீட்டர். சில வாசல்களில் ஒன்றே ஒன்று, ஆனால் உள்ளே எட்டிப் பார்த்தால் நாலு குடும்பம், ஆறு குடும்பம்.

கட்டடத்துக்குள் கரண்ட் வருவது எப்படியும் ஒரே கேபிளில்தான். அதை எத்தனை மீட்டராகப் பிரிப்பது என்பதைப் பார்த்தால் ஒயரிங் சமாச்சாரம் போலத் தோன்றும். ஆனால் நூறு வருஷச் சட்டங்களையும் விதிகளையும் கட்டண உத்தரவுகளையும் அடுத்தடுத்து வைத்துப் படித்தபோது எனக்குப் பட்டது வேறு. மீட்டரைப் பிரிப்பது என்றால், ஒரு வாசலுக்குள் எத்தனை குடும்பம் இருக்கிறது என்று அரசாங்கம் ஒப்புக்கொள்வது. அந்த ஒப்புதல் கிடைக்காத குடும்பம் மாசாமாசம் அதற்கு ஒரு விலை கொடுக்கிறது. இந்தக் குறிப்பு அந்த விலையைப் பற்றியது.

பல்புக்கு இவ்வளவு

மின்சாரத்தை விற்க ஆரம்பித்த காலத்தில் அதை எப்படி அளப்பது என்பதே பெரிய பிரச்சினை. நியூயார்க்கில் பேர்ல் தெரு நிலையத்தை எடிசன் 1882-ல் திறந்தார். அவருடைய மீட்டரில் முள்ளும் இல்லை, எண்ணும் இல்லை. ஒரு ஜாடிக்குள் ரசாயனக் கரைசல், அதில் இரண்டு துத்தநாகத் தகடுகள். கரண்ட் ஓட ஓட ஒரு தகடு கரைந்து இன்னொன்றில் படியும். ஆள் வந்து தகட்டைக் கழற்றிக்கொண்டு போய் எடை போட்டு பில் போடுவார். வாடிக்கையாளரால் அதைப் படிக்கவே முடியாது. கம்பெனி சொல்வதுதான் கணக்கு. அதனால் பல ஊர்களில் அளக்காமலேயே, எத்தனை விளக்கு மாட்டியிருக்கிறாய் என்று எண்ணி, விளக்குக்கு இவ்வளவு என்று வசூலித்தார்கள்.

1889-ல் ஹங்கேரியில் கான்ஸ் கம்பெனியின் ஓட்டோ பிளாத்தி, மாறுதிசை மின்சாரத்துக்கான மீட்டரைக் காட்டினார். காந்தப் புலத்தில் ஒரு தட்டு சுற்றும், சுற்றினால் எண் ஏறும். நம் ஊர் வாசல்களில் போன தலைமுறை வரைக்கும் தொங்கிய கறுப்புப் பெட்டியும், அதன் கண்ணாடிக்குப் பின்னால் சுற்றிய அலுமினியத் தட்டும் அந்த வம்சம்தான். தட்டில் ஒரு சிவப்புக் கோடு இருக்கும். எல்லா ஸ்விட்சையும் அணைத்துவிட்டு அந்தக் கோடு நிற்கிறதா என்று பார்ப்பது பல வீடுகளில் அப்பாக்களின் வேலை.

மெட்ராஸுக்கு மின்சாரம் முதலில் வந்தது வீட்டுக்காக இல்லை, வண்டிக்காக. 1895-ல் மின் டிராம் ஓடியது. 20ஆம் நூற்றாண்டின் ஆரம்ப வருஷங்களில் மெட்ராஸ் எலக்ட்ரிக் சப்ளை கார்ப்பரேஷன் என்ற தனியார் கம்பெனி பேசின் பிரிட்ஜில் நிலக்கரியில் ஓடும் மின் நிலையம் வைத்து ஊருக்குள் கரண்ட் விற்றது. 1947-ல் அந்தக் கம்பெனியை அரசாங்கம் எடுத்துக்கொண்டது. 1957 ஜூலை 1 அன்று மின்சார வாரியம் பிறந்தது. பெயர்ப் பலகை அதற்குப் பிறகு பல முறை மாறினாலும் ஜனங்களுக்கு அது அன்றும் இன்றும் 'ஈபி'தான்.

கம்பெனி விற்றது வாசல் வரைக்கும். வாசலுக்கு உள்ளே இருந்தது ஒண்டுக்குடித்தனம். துறைமுகத்திலும் ரயில்வேயிலும் பட்டறைகளிலும் வேலைக்கு வந்தவர்கள் தங்கிய நீள வீடுகள் அவை. நடுவில் நடை, இரு பக்கமும் ஒற்றை அறைகள், கடைசியில் ஒரு குழாய், ஒரு கக்கூஸ். ஓனர் முன்கட்டில் இருப்பார். மீட்டரும் மெயின் ஸ்விட்சும் அவர் வீட்டுச் சுவரில் இருக்கும். குடித்தனக்காரர்களிடம் அவர் வசூலித்த முறையைக் கேட்டால் எடிசன் காலத்துக்கே போய்விடலாம். பல்புக்கு இவ்வளவு, ஃபேன் போட்டால் இவ்வளவு கூட, இஸ்திரிப் பெட்டி கூடவே கூடாது. கல்மண்டபம் பக்கம் ஐம்பது வருஷமாக வாடகைக்கே இருக்கும் ஓர் அம்மா சொன்னார்: "பத்து மணி ஆச்சுன்னா ஓனரு மெயின ஆஃப் பண்ணிடுவாரு தம்பி. பரீட்ச நேரத்துல புள்ளைங்க தெரு வெளக்குல குந்திகினுதான் படிக்கும்."

உலகம் மீட்டரைக் கண்டுபிடித்து எண்பது தொண்ணூறு வருஷம் ஆன பிறகும், நடைக்கு உள்ளே பல்பை எண்ணித்தான் காசு. மீட்டர் ஓனருக்கும் ஈபிக்கும் நடுவில் மட்டும் இருந்தது.

சட்டம் ஆளைப் பார்த்தது, விதி சுவரைப் பார்க்கிறது

சட்டம் இதை அனுமதித்ததா என்றால், இல்லை என்பதுதான் ஆச்சரியம். 1910ஆம் வருஷ இந்திய மின்சாரச் சட்டத்தின் அட்டவணையிலேயே, ஓர் இடத்தின் உரிமையாளரோ அங்கே குடியிருப்பவரோ கேட்டால் ஒரு மாதத்துக்குள் கரண்ட் கொடுக்க வேண்டும் என்று இருந்தது. 'அல்லது குடியிருப்பவர்' என்பதைக் கவனியுங்கள். வெள்ளைக்காரன் போட்ட சட்டம் வீடு யாருடையது என்று மட்டும் கேட்டு நிற்கவில்லை, யார் இருக்கிறார் என்றும் கேட்டது. 2003ஆம் வருஷ மின்சாரச் சட்டத்தின் 43ஆம் பிரிவும் அதே இரண்டு பேரையும் வைத்திருக்கிறது.

ஆனால் சட்டத்துக்குக் கீழே விதி என்று ஒன்று உண்டு. தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையம் 2004-ல் கொண்டுவந்த மின் பகிர்மான விதித்தொகுப்பு, ஒரே கதவு எண்ணுக்குள் ஒன்றுக்கு மேல் இணைப்பு எப்போது கிடைக்கும் என்று சொல்கிறது. ஒன்றுக்கு மேற்பட்டவர்கள் அங்கே இருந்தாலும், அவரவர் பகுதி நிரந்தரமாக, கட்டுமானத்தால் பிரிக்கப்பட்டிருந்தால்தான் தனித்தனி இணைப்பு. அடுக்குமாடி ஃபிளாட்டுகளுக்கும் கடை வளாகங்களுக்கும் இதில் சிக்கலே இல்லை. அவை கட்டும்போதே சுவரோடு பிறந்தவை.

இந்த விதிக்கு ஒரு நியாயம் இருக்கிறது. அது இல்லாவிட்டால் ஒரே வீட்டுக்காரர் ஹாலுக்கு ஒன்று, படுக்கையறைக்கு ஒன்று என்று மீட்டர் வாங்கிக்கொண்டே போவார். ஆனால் ஒண்டுக்குடித்தனத்தில் இது எப்படி விழுகிறது என்று பாருங்கள். பெரிய அறையை பிளைவுட் போட்டு இரண்டு 'போர்ஷன்' ஆக்கியிருப்பார்கள். நடை பொது, குழாய் பொது. மொட்டை மாடியில் ஷீட் போட்ட அறைக்குப் போகும் படி பொது. உள்ளே இருப்பது இரண்டு அடுப்பு, இரண்டு ரேஷன் கார்டு, இரண்டு வாடகை. ரேஷன் கடைக்கு அடுப்பு தனியாக இருந்தால் குடும்பம் தனி. ஓட்டர் லிஸ்டுக்கு ஆள் இருந்தால் போதும். ஈபிக்கு மட்டும் செங்கல் சுவர் வேண்டும்.

ஒரே 800 யூனிட், மூன்று விலை

சரி, மீட்டர் பொதுவாக இருந்தால் என்ன நஷ்டம்? ஆளுக்கு எவ்வளவு எரித்தோமோ அவ்வளவு பிரித்துக் கொடுத்துவிட்டுப் போகிறோம் என்று தோன்றும். எல்லா யூனிட்டும் ஒரே விலையாக இருந்த வரைக்கும் அது சரி. மின்சாரம் புதிதாக வந்த காலத்தில் பல நாடுகளில் இதற்கு நேர்மாறாகக்கூட இருந்தது. அதிகம் எரித்தால் யூனிட் விலை குறையும். கம்பெனிக்கு அப்போது ஆள் பிடிக்க வேண்டியிருந்தது. அந்தக் கட்டணத்தில் ஆறு குடும்பம் ஒரு மீட்டரில் சேர்ந்தால் லாபம்தான்.

ஸ்லாப் முறை இதைத் தலைகீழாக்கியது. கொஞ்சமாக எரிப்பவருக்கு மலிவு, ஏற ஏற விலை ஏறும். ஏழைக்குச் சாதகமாக யோசித்த முறை, அதில் சந்தேகமில்லை. ஆனால் அது ஒன்றைச் சொல்லாமலே வைத்துக்கொண்டு கணக்குப் போடுகிறது: ஒரு மீட்டர் என்றால் ஒரு குடும்பம். 2016 மே 23 அன்று ஜெயலலிதா முதல்வராகப் பதவியேற்ற கையோடு, வீட்டு இணைப்பு ஒவ்வொன்றுக்கும் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்று கையெழுத்துப் போட்டார். அன்றிலிருந்து மீட்டர் கிட்டத்தட்ட ஒரு ரேஷன் கார்டு ஆகிவிட்டது. இலவசம் ஆளைத் தேடி வராது, மீட்டரைத் தேடித்தான் வரும்.

2022 செப்டம்பர் 10 அன்று அமலுக்கு வந்த கட்டணத்தை எடுத்துக்கொண்டு ஒரு கணக்குப் போடுவோம். பிற்பாடு, 2024 ஜூலையில், இது கொஞ்சம் ஏறியது. கணக்கின் வடிவம் மாறவில்லை.

இரண்டு மாதத்துக்கு 500 யூனிட்டுக்குள் எரிப்பவருக்கு: முதல் 100 இலவசம், அடுத்த 100-க்கு யூனிட்டுக்கு 2.25 ரூபாய், 201 முதல் 400 வரை 4.50, அதற்கு மேல் 500 வரை 6. மொத்தம் 500-ஐத் தாண்டிவிட்டால் 2.25 சலுகை காணாமல் போகும். முதல் 100 மட்டும் இலவசம், 101-லிருந்து 400 வரை 4.50, அடுத்த 100-க்கு 6, அடுத்த 100-க்கு 8, 601 முதல் 800 வரை 9.

முதல் வீடு: நாலு குடும்பம், நாலு மீட்டர். ஆளுக்கு 200 யூனிட். இரண்டு டியூப் லைட், இரண்டு ஃபேன், டிவி, சின்ன ஃபிரிட்ஜ், மிக்ஸி வைத்திருக்கும் வீட்டின் சாதாரணக் கணக்கு இது. ஒரு குடும்பத்துக்கு பில் 225 ரூபாய். நாலு குடும்பமும் சேர்ந்து 900.

இரண்டாவது வீடு: அதே நாலு குடும்பம், அதே 800 யூனிட், ஒரு மீட்டர். 100 இலவசம்; 300 யூனிட்டுக்கு 1,350; 100-க்கு 600; 100-க்கு 800; 200-க்கு 1,800. மொத்தம் 4,550.

மூன்றாவது வீடு: நாலு தெரு தள்ளி, சொந்த வீடு. ஒரே குடும்பம், கீழே ஒன்று மாடியில் ஒன்று என்று இரண்டு மீட்டர். ஏசியோடு அதே 800 யூனிட்டை மீட்டருக்கு 400 என்று பிரித்து எரிக்கிறார்கள். மீட்டருக்கு 1,125, மொத்தம் 2,250.

இரண்டாவது வீட்டு ஓனர் தங்கமானவர் என்றே வைத்துக்கொள்வோம். ஒரு பைசா வைத்துக்கொள்ளாமல் பில்லை நாலாகப் பிரிக்கிறார். அப்போதும் ஒரு குடும்பத்தின் பங்கு 1,137 ரூபாய் 50 பைசா. தனி மீட்டர் இருந்தால் 225-ல் முடிந்திருக்கும். யாரும் யாரையும் ஏமாற்றாமலே ஐந்து மடங்கு. ஓனர் சப் மீட்டர் வைத்து யூனிட்டுக்கு 8 ரூபாய் என்று வாங்கினால் (வடசென்னையில் இது சகஜமான ரேட்டு) அதே குடும்பம் 1,600 கட்டுகிறது.

வாடகைக்காரர்களிடம் பேசினால் கோபம் எல்லாம் ஓனர் மேல் இருக்கும். "கரண்ட்டுல சம்பாரிக்கிறாரு" என்பார்கள். சம்பாதிப்பவர்கள் இருக்கிறார்கள், மறுக்கவில்லை. ஆனால் மேலே போட்ட கணக்கைப் பார்த்தால் பெரிய பங்கு ஓனர் பாக்கெட்டுக்குப் போகவில்லை என்று தெரியும். ஏழைக்காகப் போட்ட மானியம், சுவர் இல்லாத ஒரே காரணத்தால், ஏழைக்கு வராமலே நிற்கிறது. அந்தச் சுவரும் அதற்கான காகிதமும் வைத்திருக்கும் மூன்றாவது வீட்டுக்கு இரண்டு முறை போய்ச் சேர்கிறது.

ஈபிக்கும் இது தெரியாமல் இல்லை. ஒரே குடும்பம் பல மீட்டர் வைத்திருப்பதைக் கண்டுபிடிக்க வேண்டும் என்ற பேச்சு பல வருஷமாக இருக்கிறது. 2022 நவம்பர் 15 முதல் 2023 பிப்ரவரி 28 வரை சுமார் 2.67 கோடி இணைப்புகளில் ஆதாரைச் சேர்க்கச் சொன்னபோது, ஜனங்கள் பதறியது இதற்காகத்தான். பல மீட்டர் இருந்தால் 100 யூனிட் போய்விடுமோ என்று. போகாது என்று அமைச்சர் திரும்பத் திரும்பச் சொன்னார். கவனித்தால், அந்த விவாதம் முழுக்க ஒரு குடும்பத்துக்குப் பல மீட்டர் என்பதைச் சுற்றியே நடந்தது. பல குடும்பத்துக்கு ஒரு மீட்டர் என்பதை யாரும் எண்ணவில்லை. மீட்டரே இல்லாதவருக்கு இணைப்பு எண்ணும் இல்லை, அப்புறம் எதோடு ஆதாரைச் சேர்ப்பது?

போர்டுக்குப் பின்னால்

"மீட்டரு பிரிக்கிறது பெரிய வேல இல்ல சார். நியூட்ரல பிரிக்கிறதுதான் வேல" என்றார் தண்டையார்பேட்டையில் முப்பது வருஷமாக ஒயரிங் செய்யும் எலக்ட்ரீஷியன் ஒருவர். இது கொஞ்சம் விளக்க வேண்டிய விஷயம்.

தெரு பில்லர் பாக்ஸிலிருந்து ஒரு கேபிள் வீட்டுக்குள் வருகிறது. கட் அவுட்டைத் தாண்டியதும் அது மீட்டர்களுக்குப் பிரிகிறது. ஒவ்வொரு மீட்டருக்குப் பின்னும் அந்தக் குடும்பத்துக்கென்று ஒரு மெயின், அதிலிருந்து அதன் அறைகளுக்கு ஒயர். காகிதத்தில் இவ்வளவுதான். பழைய வீட்டில் என்ன நடந்திருக்கும் என்றால், ஓர் அறைக்கு பேஸ் ஒயரை மட்டும் புதிதாக இழுத்துவிட்டு, நியூட்ரலை அடுத்த அறையின் பெட்டியிலிருந்தே எடுத்திருப்பார்கள். விளக்கு எரியும், ஃபேன் சுற்றும், யாருக்கும் தெரியாது.

சுற்றும் தட்டு மீட்டர் இருந்த காலத்தில் இது பெரும்பாலும் பில்லில் தெரியாமலே போனது. இப்போதைய ஸ்டாடிக் மீட்டர்களில் திருட்டைத் தடுக்க ஓர் ஏற்பாடு உண்டு. பேஸில் போகும் கரண்டையும் நியூட்ரலில் திரும்பும் கரண்டையும் இரண்டையும் அளந்து, எது அதிகமோ அதைக் கணக்கில் எடுக்கும். நியூட்ரல் கலந்திருந்தால் ஒரு போர்ஷனில் ஓடும் கரண்ட் அடுத்த போர்ஷன் மீட்டர் வழியாகத் திரும்பும். இரண்டு மீட்டரிலும் எண் ஏறும். தனி மீட்டர் வாங்கியும் பில் அதிகமாக வருகிறது என்ற புகார்களுக்குப் பின்னால் சில நேரம் இது இருக்கும்.

நியூட்ரல் கலந்த வீட்டில் ஆர்சிடியும் நிற்காது. 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே இணைப்பைத் துண்டிக்கும் இந்தச் சாதனம் புது இணைப்புகளுக்குக் கட்டாயம். போகும் கரண்டும் திரும்பும் கரண்டும் சமமாக இல்லை என்றால் கசிவு என்று எடுத்துக்கொண்டு டக்கென்று விழும். கடற்கரை ஓரத்து வீடுகளில், உப்புக் காற்றில் துருப்பிடித்த இரும்புக் கதவும் ஊறிய சுவரும் இருக்கும் இடத்தில், உயிரைக் காப்பாற்றக்கூடியது அது. ஆனால் அடிக்கடி விழுகிறதே என்று அதைக் கழற்றி நேராக இணைத்துவிடுவார்கள். பொது ஒயரிங்கின் பழைய பாவத்தைப் புது சாதனம் சுட்டிக்காட்டுகிறது, நாம் சாதனத்தைத் தூக்கிவிடுகிறோம்.

ஆறு குடும்பத்தின் சுமையைத் தாங்கும் ஒற்றை ஃபியூஸ் கேரியரும் அப்படித்தான். மே மாத ராத்திரியில் எல்லா ஃபேனும் சுற்ற, ஃபியூஸ் போகும். இரண்டு இழை போட வேண்டிய இடத்தில் நாலு இழை போடுவார்கள். அதற்குப் பிறகு ஃபியூஸ் போகாது, ஒயர்தான் சூடாகும். தனி மீட்டர் என்றால் பில் மட்டும் தனி இல்லை. ஆபத்து வந்தால் அணைக்க ஒரு ஸ்விட்ச், அதுவும் நம் கைக்கு எட்டும் இடத்தில்.

மாடிப்படி விளக்கு யார் கணக்கு?

எல்லாக் குடும்பத்துக்கும் மீட்டர் வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அப்போதும் மிச்சம் ஒன்று இருக்கும். படிக்கட்டு பல்பு, சம்பிலிருந்து மேல் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றும் மோட்டார், லிஃப்ட் இருந்தால் லிஃப்ட். இதற்குத்தான் காமன் மீட்டர்.

2022 வரை இதுவும் வீட்டுக் கட்டணத்திலேயே இருந்தது. அந்த வருஷ உத்தரவு பொதுப் பயன்பாட்டுக்குத் தனி வகை ஒன்றை உண்டாக்கி யூனிட்டுக்கு 8 ரூபாய் என்றது. இலவசமும் கிடையாது, ஸ்லாப்பும் கிடையாது. நீச்சல் குளம் வைத்த அடுக்குமாடிக்கு அது பெரிதில்லை. திருவொற்றியூரில் ஆறு ஃபிளாட், லிஃப்ட் இல்லாத மூன்று மாடிக் கட்டடத்துக்கு அந்த மோட்டார்தான் குடிநீர். எதிர்ப்பு கிளம்பியது. 2023 அக்டோபரில் அரசு இறங்கி வந்தது. பத்து வீடுகளுக்குள், மூன்று மாடிக்குள், லிஃப்ட் இல்லாத கட்டடங்களுக்கு மட்டும் 5.50 ரூபாய். அடுக்குமாடி என்றாலே பணக்காரர் இல்லை என்று கட்டண உத்தரவு ஒப்புக்கொள்ள ஒரு வருஷம் ஆனது.

மற்ற நாடுகளிலும் இந்தக் கேள்வி வந்திருக்கிறது, வேறு வாசல் வழியாக. 1973 எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு அமெரிக்கா மின்சாரத்தை மிச்சம் பிடிக்கப் பார்த்தது. கட்டடத்துக்கே ஒரு பொது மீட்டர், வாடகைக்குள் கரண்ட் அடக்கம் என்ற வழக்கம் அங்கே பரவலாக இருந்தது. தன் பில் தெரியாதவர் விளக்கை அணைக்க மாட்டார் என்ற காரணத்தால், 1978-ல் வந்த சட்டம் புதுக் கட்டடங்களில் பொது மீட்டரைக் கட்டுப்படுத்துவதைப் பரிசீலிக்கும்படி மாநிலங்களிடம் சொன்னது. அவர்களுக்குத் தனி மீட்டர் சிக்கனம். நம் ஒண்டுக்குடித்தனத்தில் அணைக்க வேண்டிய விளக்கே இரண்டுதான். இங்கே அது உரிமை.

இந்தியாவில் மத்திய விதிகளும் இதைத் தொட்டிருக்கின்றன. 2005-ல் வந்த உத்தரவு குடியிருப்புச் சங்கங்கள் முழு வளாகத்துக்கும் ஒரே முனையில் கரண்ட் வாங்கி உள்ளே பகிர்ந்துகொள்ள வழி செய்தது. 2024 பிப்ரவரியில் மின் நுகர்வோர் உரிமை விதிகளில் செய்த திருத்தம், ஒரே முனையா தனித்தனி இணைப்பா என்பதை ஃபிளாட் உரிமையாளர்களில் பாதிக்கு மேற்பட்டோர் முடிவு செய்யலாம் என்றது. வீட்டுக் கரண்ட், ஜெனரேட்டர் கரண்ட், பொதுக் கரண்ட் மூன்றையும் தனித்தனியாக அளக்க வேண்டும் என்றும் சொன்னது. நல்ல திருத்தம். ஆனால் ஓட்டுப் போடுவது உரிமையாளர்கள். 1910-ல் இருந்த 'அல்லது குடியிருப்பவர்' இந்த இடத்தில் இல்லை.

ஓனர் ஏன் மறுக்கிறார்?

ஓனர்களிடமும் கேட்டேன். பயம் மூன்று. ஒன்று செலவு: இணைப்புக் கட்டணம், வைப்புத்தொகை, புது ஒயரிங். இரண்டாவது, மீட்டர் கூடினால் வாடகைக்கு விட்டிருப்பது வெளியே தெரியும், மாநகராட்சி சொத்து வரியை ஏற்றும். மூன்றாவதுதான் பெரியது. மீட்டர் வாடகைக்காரர் பேரில் போய்விட்டால் நாளைக்கு அவர் காலி பண்ண மாட்டார். ஈபி கார்டு இங்கே வெறும் பில் இல்லை, முகவரிச் சான்று. கேஸ் வாங்கவும், பிள்ளையைப் பள்ளியில் சேர்க்கவும் கேட்பார்கள். அதனால்தான் அது இல்லாதவருக்கு வேண்டும், இருப்பவருக்கு விடப் பயம்.

மின் இணைப்பு உரிமைப் பத்திரம் ஆகாது. 2022 மே மாதம் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில் தெளிவாகவே சொன்னது: மின்சாரம் அடிப்படை வசதி; வீட்டுக்காரர் ஆட்சேபனையில்லாக் கடிதம் தரவில்லை என்பதற்காக வாடகைதாரருக்கு மறுக்கக் கூடாது; விண்ணப்பித்தவர் அங்கே குடியிருக்கிறாரா என்று மட்டும் பார்த்தால் போதும். தமிழ்நாட்டு விதியிலும் வழி இருக்கிறது. ஓனர் சம்மதக் கடிதம் தர மறுத்தால், முறைப்படி குடியிருப்பதற்கான சான்றோடு படிவம் 6-ல் ஈட்டுறுதிப் பத்திரம் எழுதிக் கொடுத்து, வைப்புத்தொகையை இரண்டு மடங்காகக் கட்டி இணைப்பு வாங்கலாம். கரண்டைத் துண்டித்து ஆளை விரட்டுவதை 1960 வாடகைச் சட்டமும் தடுத்தது, 2019 பிப்ரவரியில் அமலுக்கு வந்த புது வாடகைச் சட்டமும் தடுக்கிறது.

வழி இருந்தும் ஏன் நடக்கவில்லை? சான்று என்று கேட்டால் காட்ட வாடகை ஒப்பந்தம் இருக்காது. இருந்தாலும் பத்து மாச அட்வான்ஸ் ஓனர் கையில் இருக்கிறது. இரண்டு மடங்கு டெபாசிட் கட்டக்கூடியவர் வேறு வீடு பார்த்துப் போய்விடுவார். இவை எல்லாவற்றையும் தாண்டினாலும் கடைசியில் பிளைவுட் தடுப்பு நிற்கும்.

என்னைக் கேட்டால் திருத்த வேண்டியது அந்த ஒரு வரியைத்தான். 2019 முதல் அமலில் இருக்கும் வாடகைச் சட்டப்படி ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிவாக வேண்டும். அப்படிப் பதிவான தனி ஒப்பந்தம் இருந்து, ஒயரிங்கும் தனியாக, நியூட்ரல் கலக்காமல் பிரிந்திருந்தால், சுவர் செங்கல்லா பிளைவுட்டா என்று பார்க்காமல் மீட்டர் கொடுக்கலாம். சொந்த வீட்டில் இரண்டு மீட்டர் வைத்திருப்பவரால் இதைத் தவறாகப் பயன்படுத்த முடியாது. தன் வீட்டுக்குத் தானே வாடகை ஒப்பந்தம் எழுத முடியாதல்லவா. பதிவு நடந்தால் ஓனருக்கும் லாபம் உண்டு. ஒப்பந்தக் காலம் முடிந்தால் வீட்டைக் கேட்க அவர் கையில் காகிதம் இருக்கும், மீட்டர் யார் பேரில் என்ற பயம் வேண்டாம்.

இதற்குக் கூடுதலாக ஒரு மெகாவாட்கூட உற்பத்தி செய்ய வேண்டியதில்லை. அந்த 800 யூனிட் ஏற்கெனவே எரிந்துகொண்டுதான் இருக்கிறது.

அடுத்த குறிப்பு தெருவோரப் பில்லர் பாக்ஸ்களின் கதை. வடசென்னையில் பழைய வெள்ளை மீட்டர் கார்டு, கையால் ரீடிங் எழுதியது, யாரிடமாவது பத்திரமாக இருந்தால் சொல்லுங்கள். பேரையும் சர்வீஸ் நம்பரையும் மறைத்துவிட்டு எண்களை மட்டும் அனுப்பினால் போதும்.